செல்லுஞ்செலவு

வெள்ளிக்கிழமை பின்னேரம் மாணவர் கிறிஸ்தவ இயக்கக் கூட்டத்துக்கு வேதாகமத்தோடு ஒரு கொப்பியும் கொண்டுபோக வேண்டும். ஜனவரியில் எப்போதும், இயேசுவின் சீஷனாவதற்கு ஆகும் செலவைப் பற்றிய லூக்கா 14தான். கோபுரம் கட்ட நினைப்பவன் ‘முன்பு உட்கார்ந்து’ செல்லுஞ்செலவைக் கணக்குப் பார்க்கிறான். ‘முன்பு’, ‘உட்கார்ந்து’ ஆகிய இரண்டின் கீழும் கோடு போடும்படி கூட்டத்தை நடத்தும் ஆசிரியர், எங்கள் ‘சேர்’, சொல்வார். யன்னலுக்கு வெளியே இரண்டாம் மாடியோடு நின்றுபோன ஒரு கட்டடம் தெரியும். தூண்களின் உச்சியில் கம்பிகள் துருப்பிடித்து நீட்டிக்கொண்டிருந்தன. மழைத் தண்ணீர் அந்தத் துருவைச் சீமெந்தில் செந்நிறக் கோடுகளாக வழியவிட்டிருந்தது. அந்த வசனத்துக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

கொப்பியில் முதலில் நேரம். வாரத்துக்கு 168 மணித்தியாலம். பாடசாலை 30, நித்திரை 50, ரியூசன், பஸ், சாப்பாடு என்று கழித்துக்கொண்டே வரவேண்டும். விடியற்காலையில் ஒரு மணித்தியாலம் ஜெபிப்பேன் என்று எழுதுகிறவர்கள் மூன்றாம் வாரத்தில் விட்டுவிடுவார்கள். அது நித்திரையிலிருந்து எடுத்த கடன். எதைக் குறைக்கிறோம் என்று பெயர் சொல்லிக் குறைத்த 15 நிமிடம்தான் நிலைக்கும். ஞாயிறு காலை ரியூசனா ஆராதனையா என்பதற்கு அந்தக் கூட்டத்தில் சமரசம் கிடையாது. ரியூசன் வகுப்பை மாற்ற முடியாவிட்டால் அந்தப் பாடத்தில் சில புள்ளிகள் போகும் என்பதையும் கணக்கில் எழுதச் சேர் சொல்வார்.

அடுத்தது பணம். முதற்சம்பளம் 5,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம், 400 ரூபா போனால் கைக்கு வருவது 4,600. சபைக்குக் கொடுக்கும் பத்தில் ஒரு பங்கான தசமபாகம் 500 ரூபாவா, 460 ரூபாவா? அந்த 40 ரூபாவுக்காக ஒரு முழுக்கூட்டமும் வாதம் நடந்திருக்கிறது. சேமலாப நிதி பிறகு நமக்கே திரும்பி வரும் பணம், ஆகவே 500 என்பதே நேர்மையான கணக்கு. சம்பள நாளிலேயே உறையில் போட்டுவிட வேண்டும். மாத முடிவில் மிஞ்சுவதைக் கொடுப்போம் என்றால் ஒன்றும் மிஞ்சாது. பெரும்பாலும் தவறுவது டிசம்பரில். நத்தார் உடுப்புக்கு எடுத்த முற்பணம் ஜனவரிச் சம்பளத்தைத் தின்றுவிடும்.

ஆனால் அம்மாவின் மருந்துக் காசை எடுத்துக் காணிக்கை போடுவது சீஷத்துவமல்ல. மாற்கு 7இல் ‘கொர்பான்’, அதாவது இது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லிப் பெற்றோரைக் கைவிட்டவர்களை இயேசு கண்டித்தார். லூக்கா 14:26இல் தகப்பனையும் தாயையும் ‘வெறுக்காவிட்டால்’ என்று வருவதை மத்தேயு 10:37ஓடு சேர்த்து வாசிக்க வேண்டும். அங்கே ‘என்னிலும் அதிகமாய் நேசிக்கிறவன்’ என்றே இருக்கிறது. செலவு சீஷனுடைய கணக்கில் விழ வேண்டும், வீட்டாருடைய கணக்கில் அல்ல. சீதனம் வேண்டாம் என்று மாப்பிள்ளையே வாய் திறந்து சொல்வது அப்படியான ஒரு செலவு. அந்த வீட்டில் அவருக்குத் தங்கச்சிமார் இருந்தால் அது எவ்வளவு பாரம் என்பது நமக்குத் தெரியும்.

இலங்கையில் நமது மெதடிஸ்த மிஷனே அப்படிக் கணக்குப் பார்த்துத் தொடங்கியதுதான். மிஷனரிகளை அழைத்துக்கொண்டு புறப்பட்ட தோமஸ் கோக் தம் சொந்தப் பணத்தைப் பொறுப்பாக வைத்துக் கப்பலேறி, 1814 மே 3இல் இந்து சமுத்திரத்தில் காலமானார்; இலங்கையைக் காணவில்லை. அவரோடு புறப்பட்ட வில்லியம் ஓல்ட் மனைவியைக் கடலில் இழந்தார். மட்டக்களப்பில் பள்ளிக்கூடம் தொடங்கி, எட்டு மாதத்தில் அங்கேயே மறைந்தார்.

தேவனோடு செய்த உடன்படிக்கையைப் புதுப்பிக்கும் புதுவருட உடன்படிக்கை ஆராதனையில் நாம் சொல்லும் ஜெபத்தை இப்போது ரொறன்ரோவிலும் லண்டனிலும் சொல்கிறோம். 1755இல் மெதடிஸ்த இயக்கத்தின் ஸ்தாபகர் ஜோன் வெஸ்லி தொடங்கிய வழக்கம் இது. உமக்காக வேலைசெய்ய வையும் என்ற வரியைச் சபை உரத்துச் சொல்லும். உமக்காக (வேலையிலிருந்து) ஒதுக்கி வையும் என்ற அடுத்த வரியில் குரல் தாழும். ஓய்வுபெற்றவர்களும் நோயாளிகளும் முன்வரிசையிலிருந்து அதைச் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். 17 வயதில் அந்த வரிக்கு எதிரே கொப்பியில் தொகை எதுவும் எழுதாமல்தான் விட்டிருந்தோம்.