ராத்திரியில் ஆமை நடை

நேற்று ராத்திரி ஆமை நடைக்கு, அதாவது கடற்கரையில் கடலாமை முட்டைகளைத் தேடிப் பாதுகாக்கும் நடைக்குப் போயிருந்தோம். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை மணலிலேயே நடை, முட்டி கழன்றுவிட்டது. 1988-லிருந்து மாணவர் குழு ஒன்று இதைச் செய்துவருகிறது. பங்குனி ஆமையின் (ஆலிவ் ரிட்லி என்ற கடலாமை) தடம் தெரிந்ததும் நின்று, கம்பியால் மெல்லக் குத்திப் பார்க்கிறார்கள். மணல் இளகினால் அங்கேதான் குழி. ஒரு குழியில் நூறு முட்டைக்கு மேலும் இருக்கும். எடுத்துப்போய்ப் பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் புதைக்கிறார்கள். மணல் சூடாக இருந்தால் பெரும்பாலும் பெண் குஞ்சுகள்தானாம், எனக்கு இது புதுசு.

குஞ்சுகள் வெளிச்சம் பார்த்துத்தான் கடலுக்குப் போகும். நம் ஊரில் கடலைவிடத் தெருவிளக்குதானே பளிச்! கடலோரம் வீடு இருப்பவர்கள் ஜனவரியிலிருந்து மே வரையாவது மாடி விளக்கை ராத்திரி அணைத்து வையுங்கள். அப்புறம், நடைக்கு வருபவர்கள் தயவுசெய்து ஆமை மேல் செல்போன் ஃபிளாஷ் அடிக்காதீர்கள். நேற்று ஒருவர் செல்ஃபி எடுத்தே தீருவேன் என்று நின்றார், சாமி!