ஆறு பிள்ளைகளும் ஓர் ஆடி மாதமும்

ஜூன் 28, 2025, சனி

வீட்டில் நான் நடத்தும் காப்பகத்துக்குப் பிள்ளைகள் வராத நாள். காலண்டரைத் தரையில் விரித்துக்கொண்டு அடுத்த மாதத்துக்கு என்ன செய்யலாம் என்று உட்கார்ந்தேன். மொத்தம் ஆறு பேர். மூத்தவளுக்கு நாலு வயது, கடைக்குட்டிக்கு ஒன்றரை. கையில் கிடைப்பதெல்லாம் அவன் வாய்க்குப் போகும். அதனால் எதை யோசித்தாலும், அவன் அதை விழுங்குவானா என்றுதான் முதலில் பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்த மாதம் வாரத்துக்கு ஒரு நிறம் என்று அட்டை வெட்டி ஒட்டினேன். நீல வாரம் முழுக்க அவர்கள் பேசியது வாசலில் நின்ற தண்ணீர் லாரியைப் பற்றி. லாரி மஞ்சள்.

அட்டை வெட்டும் வேலையே வேண்டாம். ஜூலை 17 ஆடி ஒன்று. சேலத்தில் இருந்துகொண்டு அதைவிட வேறு தலைப்பு எதற்கு?

ஜூலை 2, புதன்

ஞாயிறன்றே மேட்டூர் அணை 120 அடியைத் தொட்டு நிரம்பிவிட்டது. ஆடிப் பதினெட்டுக்கு ஆற்றில் தண்ணீர் இருக்குமா என்ற கவலை இந்த வருடம் இல்லை.

மாலையில் பிள்ளையை அழைக்க வந்த நர்ஸ் பெண், “அக்கா, இவனுக்கு எழுத்து எப்போது ஆரம்பிப்பீர்கள்?” என்றாள். மூன்று வயதுதான் ஆகிறது. “மாவு பிசையட்டும் கண்ணு, விரலுக்குப் பலம் வரட்டும்” என்றேன். தலையாட்டினாள், நம்பவில்லை.

ஜூலை 9, புதன்

காற்று ஆரம்பித்துவிட்டது. பனையோலைக் காற்றாடி செய்தேன். முறைப்படி கருவேல முள்ளில்தான் குத்த வேண்டும்; இந்தக் கூட்டத்திடம் முள்ளைக் கொடுக்க எனக்குத் துணிச்சல் இல்லை. ஈர்க்குச்சியில் செருகினேன், சரியாகச் சுற்றவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு மாடியில் ஓடினார்கள், அது போதும் அவர்களுக்கு.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. எங்கள் ஊர் வழக்கப்படி தேங்காய் சுட்டோம்.

நார் தேய்ப்பதற்கு அரை மணி நேரம் என்று எழுதி வைத்திருந்தேன். சிமென்ட் தரையில் தேங்காயை வைத்து ஆறு பேரும் தேய்க்க ஆரம்பித்தவர்கள் பதினோரு மணிவரை தலை நிமிரவில்லை. தேய்ப்பது, ஊதுவது, கன்னத்தில் வைத்துப் பார்ப்பது, மறுபடி தேய்ப்பது. ஒருவன் காதருகே ஆட்டி, “உள்ளே யாரோ இருக்கிறார்கள்” என்றான். கண்ணைத் துளைத்துத் தண்ணீரை டம்ளரில் ஊற்றிக் காட்டியபோது அவனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

பிறகு நிரப்புதல். அவல், பொட்டுக்கடலை, எள், பொடித்த வெல்லம், ஊறவைத்த பச்சைப்பயறு. அந்தச் சின்னத் துளைக்குள் இரண்டு விரலால் கிள்ளிப் போட வேண்டும். பென்சில் பிடிக்கும் அதே இரண்டு விரல்கள். நர்ஸ் பெண்ணிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். சின்னவர்கள் மூன்று பேரின் தேங்காயில் பயறும் கடலையும் கிடையாது, அவலும் வெல்லமும் மட்டும். போன வருடம் ஒரு பிள்ளையின் மூக்கிலிருந்து பயறு எடுக்க ஆஸ்பத்திரிக்கு ஓடியது போதும்.

அழிஞ்சில் குச்சி செருகி மஞ்சள் பூசியாயிற்று. மாடியில் என் கணவர் தீ மூட்டினார். கோலமாவால் கோடு போட்டு, அதற்கு இந்தப் பக்கம்தான் நிற்க வேண்டும் என்றேன். முதல் ஓடு ‘டப்’ என்று வெடித்ததும் கோடு தேவைப்படவில்லை. எல்லாரும் என் புடவைக்குள் இருந்தார்கள்.

நாளைக்கு எழுதியிருந்த காகித வேலையை அடித்துவிட்டேன். மிச்சமுள்ள நாரைத் தேய்க்கட்டும்.

ஜூலை 22, செவ்வாய்

நேற்று தயிர் டப்பாக்களில் மண் நிரப்பி வெந்தயம் விதைத்தோம். ஆயா கொத்தமல்லி போடலாம் என்றார். அது முளைக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். இவர்களுடைய பொறுமை ஒரு இரவு. இன்று காலை டப்பாக்கள் தோண்டப்பட்டிருந்தன. முளை வந்துவிட்டதா என்று பார்த்தார்களாம். மறுபடி விதைத்து, நாலு டப்பாவை ரகசியமாக மாடியில் வைத்திருக்கிறேன்.

ஜூலை 28, திங்கள்

நர்ஸ் பெண் மறுபடி கேட்டாள். தாம்பாளத்தில் மணல் பரப்பி ‘ட’, ‘ப’ இரண்டு மட்டும். நேர்கோடுதானே, கை வலிக்காது. அவன் ‘ப’ போட்டுவிட்டு அதற்குள் ஒரு பொம்மைக் காரை நிறுத்தினான். நான் இறங்கிவந்தேனா, அவள் ஜெயித்தாளா தெரியவில்லை. மணல் மட்டும் வீடு முழுக்க.

ஆகஸ்ட் 1, வெள்ளி

பதினெட்டு ஞாயிற்றுக்கிழமை வருவதால் இன்றே கொண்டாடிவிட்டோம். மூன்று அன்னக்கூடை நிறையத் தண்ணீர், காகிதப் படகு, தேங்காய்ச் சாதம். தண்ணீர் அருகே இருந்த நேரமெல்லாம் நானும் ஆயாவும் மாறி மாறி நகராமல் உட்கார்ந்திருந்தோம்.

முளைப்பாரியைப்போல வெந்தயப் பயிரைத் தண்ணீரில் விடலாம் என்பது என் திட்டம். மூத்தவள் டப்பாவைக் கட்டிக்கொண்டு, “நாங்கள் வளர்த்தது அத்தை, விட மாட்டோம்” என்றாள். கிள்ளி தோசையில் போட்டோம். கசப்பு. ஒருவரும் துப்பவில்லை.

27-ஆம் தேதி பிள்ளையார் சதுர்த்தி. களிமண்ணுக்குச் சொல்லி வைத்தாயிற்று. கடைக்குட்டி எப்படியும் தின்பான்.