காலை பத்து மணி சாம்பிள்

கல்பாத்திப் புழை என்கிற ஆற்றின் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று யாராவது கேட்டால், எங்கள் ஆய்வகத்தில் பதில் தயாராக இருக்கும்: லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் கரைந்த ஆக்சிஜன், இத்தனை பிஓடி (தண்ணீரில் உள்ள அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிரிகளுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன்). மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வகைப்பாட்டில் குளிக்கத் தகுந்த தண்ணீருக்கு ஆக்சிஜன் 5 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது, பிஓடி 3-ஐத் தாண்டக் கூடாது. எண்ணைக் கட்டத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்தது. பாலக்காட்டில் இதே வேலையில் இருக்கும் எனக்கு அந்த எண் மேல் மரியாதை உண்டு. முழு நம்பிக்கைதான் இல்லை.

சாம்பிள் எடுக்கும் வண்டி ஆபீசிலிருந்து கிளம்பி ஆற்றங்கரைக்கு வரும்போது மணி பத்து, பத்தரை ஆகிவிடும். அதற்குள் வெயில் ஏறி, பாசியும் நீர்ச்செடிகளும் ஆக்சிஜனை விட ஆரம்பித்திருக்கும். சாக்கடை கலந்து சத்து மிகுந்த தண்ணீரில் பாசி இன்னும் செழிப்பாக வளரும். மதியத்தில் அளந்தால் மலையோடையைவிடக் கூடுதலாகக்கூட ஆக்சிஜன் காட்டும். இருட்டிய பிறகு அதே பாசி, தான் விட்டதையே திரும்ப இழுக்கத் தொடங்கும். அளவு மிகவும் கீழே போவது விடிவதற்குச் சற்று முன்னால். சத்து மிகுந்த நீரில் மீன் மூச்சுமுட்டிச் சாவதும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். அப்போது எந்த ஆபீஸ் வண்டியும் வராது.

கரைந்த ஆக்சிஜனை அளக்கும் விங்க்ளர் முறையில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பாட்டிலில் மாங்கனீஸ் சல்பேட்டையும் கார அயோடைடையும் விட்டு, மூடிக் கவிழ்த்துக் குலுக்கினால், ஆக்சிஜன் உள்ள தண்ணீரில் பழுப்பாகத் திரளும். இல்லாத தண்ணீரில் வெள்ளையாகவே நிற்கும். நகருக்குள் ஒரு சாக்கடை வாய்க்குக் கீழே, விடிகாலையில் நானே போய் எடுத்த பாட்டில் கிட்டத்தட்ட வெள்ளையாகத்தான் நின்றது. அதே இடத்தைப் பற்றி எங்கள் பதிவேட்டில் இருந்த குறிப்பு: 'திருப்தி'.

அதற்கப்புறம்தான் வலையைக் கையில் எடுத்தேன். நீரோட்டத்துக்கு எதிராக வலையைப் பிடித்துக்கொண்டு, அதற்கு மேல்பக்கம் உள்ள கூழாங்கற்களைக் காலால் கிளற வேண்டும். அடியில் ஒட்டியிருக்கும் பூச்சிகளும் புழுக்களும் வலைக்குள் வந்து விழும். படித்துறையில் குளிக்க வந்த மாமி ஒருவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன தம்பி, மீனா பிடிக்கறேள்?"

"மீன் இல்லை மாமி, பூச்சி."

"இந்தப் புழையிலே பூச்சிக்கு என்ன பஞ்சம்? அதுக்கு ஒரு ஆபீசர் வரணுமா?"

மாமி சொன்னது சரிதான், பஞ்சமே இல்லை. எந்தப் பூச்சி என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஊருக்கு மேலே கல்லும் ஓட்டமும் உள்ள இடத்தில் மேஃப்ளையின் இளம்பூச்சிகள் கிடைத்தன. வாலில் இழைகளும் வயிற்றின் இருபக்கமும் செவுளும் இருக்கும். ஆக்சிஜன் குறைந்தால் முதலில் காணாமல் போகும் கூட்டம் இது. தட்டானின் இளம்பூச்சிகளும் இருந்தன. சாக்கடை வாய்க்குக் கீழே இவை ஒன்றுகூட இல்லை. சிவப்பான ரத்தப்புழுக்களும் மண்புழு இனத்தைச் சேர்ந்த ட்யூபிஃபெக்ஸ் புழுக்களும்தான் நெளிந்தன. நம் ரத்தத்தில் உள்ளதைப் போன்ற ஹீமோகுளோபின் அவற்றுக்கும் உண்டு, அதனால் மூச்சுமுட்டும் சேற்றிலும் பிழைத்துக்கொள்ளும். பூச்சிகளுக்கு ராத்திரியும் அங்கேதான் குடியிருப்பு. பத்து மணிக்கு மட்டும் வந்து போகிறவை அல்ல.

இப்படிக் கிடைக்கும் பூச்சிகளுக்கு மதிப்பெண் போடும் முறை பிரிட்டனில் 1970-களில் உருவானது. அழுக்கைத் தாங்காத பூச்சிக்குக் கூடுதல் மதிப்பெண். பல மேஃப்ளை குடும்பங்களுக்கு 10, ரத்தப்புழுவுக்கு 2, மண்புழு இனத்துக்கு 1. மேஃப்ளையிலேயே பேட்டிடே குடும்பத்துக்கு 4 மட்டும்தான். கொஞ்சம் அழுக்கைத் தாங்கும். மேஃப்ளை என்று கண்டதும் குதூகலித்துப் பத்துப் போட்டுவிடக் கூடாது. மழைவெள்ளம் வடிந்த கையோடு வலை போட்டாலும் பிரயோசனம் இல்லை, எல்லாம் அடித்துக்கொண்டு போயிருக்கும். சில வாரம் பொறுக்க வேண்டும். இங்கே இடவப்பாதியும் பெய்யும், துலா மழையும் பெய்யும் என்பதால் நல்ல நாள் வாய்ப்பதே சிரமம்.

கரையையும் பார்க்க வேண்டும் என்று சொன்னால்தான் சண்டை வருகிறது. 2018 ஆகஸ்டில் மலம்புழா அணையின் ஷட்டர்கள் திறந்து புழை ஊருக்குள் ஏறியதைப் பார்த்தவர்கள் கான்கிரீட் சுவர் கேட்பதைத் தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு பக்கமும் வழவழவென்று சுவர் எழுப்பினால் கைதை என்கிற தாழையும் ஆற்றுவஞ்சிச் செடியும் போகும், அவற்றின் வேர்களுக்குள் ஒதுங்கும் குஞ்சு மீன்களும் போகும். நிழல் போனால் தண்ணீர் சூடேறும். 20 டிகிரி தண்ணீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் ஏழரைதான். சாக்கடை ஒரு சொட்டுக்கூடக் கலக்காவிட்டாலும் இந்த நஷ்டம் உண்டு. சுவர் தேவைப்படும் இடத்தில் மட்டும் கட்டி, மற்ற இடங்களில் கைதையை விட்டுவைக்கலாம் என்பது என் கட்சி.

இதையெல்லாம் சேர்த்து ஒரு அறிக்கை எழுதினேன். மேலிடத்திலிருந்து வந்த முதல் கேள்வி: "பூச்சி மதிப்பெண்ணுக்கு யூனிட் என்ன?" யூனிட் கிடையாது என்று பதில் எழுதினேன். யூனிட் இல்லாததற்குப் படிவத்தில் கட்டமும் கிடையாதாம். சரி, இப்போதைக்குப் பூச்சிப் பட்டியல் 'குறிப்புகள்' கட்டத்தில் போகிறது. பக்கத்திலேயே சாம்பிள் எடுத்த மணியையும் எழுதிவிடுகிறேன்.