மண்ணைக் குடைந்து வளர்ந்த மிச்சிகன் ஸ்டேடியம்

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் ஆன் ஆர்பர் நகரில் வைத்திருக்கும் கால்பந்து அரங்கத்தில் இன்று 1,07,601 பேர் அமரலாம்; அந்நாட்டில் அதைவிடப் பெரிய ஸ்டேடியம் வேறில்லை. (கையில் பந்தை ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்தைத்தான் இங்கே சொல்கிறேன்.) அந்த அளவைவிட, அது அவ்வளவு பெரிதாவதற்கு 1927-லேயே இடம் வைத்துக் கட்டிய முன்யோசனைதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

அந்த யோசனை ஃபீல்டிங் யோஸ்டுடையது. பயிற்சியாளராகப் பெரும் வெற்றிகளைக் கண்டு, பின்னர் விளையாட்டுத் துறை இயக்குநரான அவர், பழைய ஃபெர்ரி ஃபீல்டு மைதானம் கூட்டத்துக்குப் போதாது என்று விடாமல் வாதாடினார். பல்கலைக்கழகம் 72,000 இருக்கைகளுக்கு இசைந்தது; யோஸ்டோ, பிற்காலத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரைத் தாங்கக்கூடிய அஸ்திவாரத்தை அப்போதே போட வைத்தார். தலா 500 டாலர் மதிப்புள்ள 3,000 கடன் பத்திரங்களை வெளியிட்டுப் பணம் திரட்டினார்கள். கட்டி முடிக்க ஏறத்தாழ 9,50,000 டாலர் செலவாயிற்று.

தேர்ந்தெடுத்த நிலமோ நீரூற்றுகள் நிறைந்த ஈரமண். ஆனாலும் அதைத் தோண்டி, இருக்கை வரிசைகளில் பெரும்பகுதி தரைமட்டத்துக்குக் கீழே அமையுமாறு கிண்ண வடிவில் கட்டினார்கள். அதனால் வாசலில் நுழைபவர்களில் பெரும்பாலோர் தங்கள் இடத்துக்குப் படியிறங்கித்தான் செல்கிறார்கள். தெருவிலிருந்து பார்த்தவர்களுக்கு உள்ளே இருப்பதன் அளவு நெடுங்காலம் தெரிந்ததே இல்லை. 1927 அக்டோபர் 1 அன்று ஓஹியோ வெஸ்லியன் அணியை 33–0 என்று வென்று மிச்சிகன் அணி அங்கே ஆடத் தொடங்கியது. மூன்று வாரங்களில் பரம வைரியான ஓஹியோ ஸ்டேட் அணிக்கு எதிராக முறைப்படியான அர்ப்பணிப்பு ஆட்டமும் நடந்தது. அதிலும் 21–0 என்று மிச்சிகனுக்கே வெற்றி.

1949-இல் மரப்பலகை இருக்கைகள் எஃகுக்கு மாறியபோது கொள்ளளவு 97,239 ஆனது. 1956-இல் 1,01,001-ஐ எட்டியது. அந்தக் கடைசி ஒன்று, முன்னாள் பயிற்சியாளரும் இயக்குநருமான ஃபிரிட்ஸ் கிரிஸ்லருக்காக ஒதுக்கிய இருக்கை. அது எங்கே இருக்கிறது என்று யாருக்கும் சொல்லப்படுவதில்லை. ஒரு மனிதருக்குச் சிலை வைப்பதைவிட இதுவே மேலான மரியாதை என்பது என் எண்ணம். 1975 நவம்பரிலிருந்து, பெருந்தொற்றால் ரசிகர்கள் அனுமதிக்கப்படாத 2020 பருவம் நீங்கலாக, அங்கே நடந்த மிச்சிகன் அணியின் எந்த ஆட்டத்துக்கும் கூட்டம் ஒரு லட்சத்துக்குக் குறைந்ததில்லை. 2013-இல் நோத்ர டாம் அணியுடன் நடந்த ஆட்டத்துக்கு 1,15,109 பேர் வந்திருந்தார்கள்.

2010-இல் 22.6 கோடி டாலர் செலவில் முடிந்த சீரமைப்பு, மைதானத்தின் இருபுறமும் தனி அறைகள் கொண்ட உயர்ந்த கட்டடங்களை எழுப்பியது. அவை வந்தபின் கூட்டத்தின் முழக்கம் வெளியே சிதறாமல் ஆடுகளத்தின் மீதே திரும்புகிறது என்பது ஆட்டத்துக்கு நல்லதுதான். ஆயினும் மண்ணோடு ஒட்டித் தாழ்ந்திருந்த அந்தப் பழைய வெளித்தோற்றம் போனதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு.