கேட்டிலிருந்து மேசை வரை: சைக்கிள் அமைப்பு ஒன்று அலுவலகம் மாறும்போது

சைக்கிளுக்காகப் பேசும் தொண்டு அமைப்பு புது அலுவலகம் தேடும்போது முதலில் பேச்சுக்கு வருவது வாடகையும் சதுர அடியும்தான். தெருவிலிருந்து ஒரு சைக்கிள் எப்படி உள்ளே வரும், எங்கே நிற்கும், ஓட்டி வந்தவர் எங்கே முகம் கழுவுவார் என்பதெல்லாம் முன்பணம் கொடுத்த பிறகே நினைவுக்கு வருகிறது. இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. சைக்கிளில் வர முடியாத கட்டடத்தில் உட்கார்ந்துகொண்டு மாநகராட்சியிடம் சைக்கிள் பாதை கேட்டால் அந்தக் குரலில் வலு இருக்காது. சென்னையை வைத்தே இதைச் சொல்கிறோம். 2014-லேயே மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்ட நகரம் இது. ஆனாலும் இங்கே ஒரு கட்டடத்துக்குச் சைக்கிளில் போய்ச் சேருவது அந்தந்தக் கட்டடத்தின் வாசலைப் பொறுத்த விஷயமாகவே இருக்கிறது.

இடம் பார்க்கப் போகிறவர் சைக்கிளில்தான் போக வேண்டும். காலை ஒன்பது மணிக்கு ஒருமுறை, மாலை ஆறரைக்கு ஒருமுறை, இரண்டு திசையிலிருந்தும். கவனிக்க வேண்டியது கடைசி அரை கிலோமீட்டர். பெரிய சாலையில் நடுத்தடுப்பு இருந்து, திரும்பும் இடம் அறுநூறு மீட்டர் தள்ளி இருந்தால், எதிர்ப்புறத்திலிருந்து வருபவர் அவ்வளவு தூரம் போய்த் திரும்ப மாட்டார். சாலையோரமாக எதிர்த்திசையில்தான் வருவார். அது அவருடைய ஒழுங்கின்மை என்பதைவிடச் சாலையின் குறை. ஆனால் சாலைப் பாதுகாப்பு பேசும் அமைப்பின் வாசலுக்கு நாள்தோறும் எதிர்த்திசையில் சைக்கிள்கள் வந்தால், போக்குவரத்துக் காவலரிடம் பேசும்போது பதில் சொல்ல வராது. இரண்டு பக்கமிருந்தும் இடப்புறமாகவே வந்து சேரக்கூடிய உட்தெரு கிடைத்தால் வாடகை கொஞ்சம் கூடினாலும் அதையே எடுக்கலாம்.

அடுத்தது மழைத் தண்ணீர். தரகரிடமும் வீட்டுக்காரரிடமும் கேட்டுப் பயனில்லை. எதிரே உள்ள டீக்கடையிலும் இஸ்திரி வண்டிக்காரரிடமும் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் தண்ணீர் எந்தப் படி வரை ஏறியது என்று கேட்டால் கை காட்டிச் சொல்வார்கள். காம்பவுண்டு சுவரில் கறைக்கோடு தெரிகிறதா என்றும் பார்க்க வேண்டும். தூண்தளத்தில் (தூண்கள் மட்டும் நிற்கும் கீழ்த்தளத்தில்) முழங்கால் அளவு தண்ணீர் நின்றாலே போதும்: சக்கரத்தின் நடுவே உள்ள ஹப், பெடல் அச்சு, பெடல் தண்டு சுழலும் கீழ்த்தாங்கி மூன்றிலும் சேற்றுத் தண்ணீர் புகுந்து கிரீஸைக் கழுவிவிடும். வெளியே துடைத்துவைத்தால் சைக்கிள் நன்றாக இருப்பதுபோலவே தெரியும். சில வாரங்களில் பேரிங் கரகரக்கத் தொடங்கும். ஆகவே தரைக்கு அடியில் இருக்கும் நிறுத்தம் எவ்வளவு விசாலமாக இருந்தாலும் வேண்டாம்.

மாடி என்றால் லிஃப்டை அளந்து பார்க்க வேண்டும். சாதாரண சைக்கிளின் நீளம் 1.75 முதல் 1.8 மீட்டர். நம் அடுக்குமாடிகளில் இருக்கும் ஆறு பேர் லிஃப்டின் உட்புறம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். பின்சக்கரத்தில் நிமிர்த்தி நிறுத்தினால்தான் நுழையும். கேரியரும் மட்கார்டும் இருக்கும் கனமான சைக்கிளில் அதுவும் நடக்காது. படியோரம் சக்கரம் ஓட இரும்புத் தடம் போடலாம். ஆனால் அதைச் சுவரை ஒட்டிப் போட்டால் பெடலும் ஹேண்டில்பாரும் சுவரில் இடிக்கும். வாசலில் கேட்டுக்குக் கீழே உள்ள மேடும் பெரிய தடை. 15 செ.மீ. மேட்டுக்கு எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் 1.2 மீட்டர் சரிவு வேண்டும். அந்தச் சரிவைக் கேட்டுக்கு உள்ளேதான் போட வேண்டும். நடைபாதையில் சரிவை நீட்டிவிடுவது ஊர் முழுக்க நடக்கிறது. நடைபாதைக்காகவும் வாதாடும் அமைப்பு அதையே செய்யக் கூடாது.

நிறுத்தத் தாங்கியில் பலரும் ஏமாறுவது கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் முன்சக்கரத் தாங்கியைப் பார்த்துத்தான். சக்கரத்தை மட்டும் பிடித்துக்கொள்ளும் அந்த மாதிரி தாங்கியில், பக்கத்துச் சைக்கிள் சாய்ந்தாலோ யாராவது இடித்தாலோ முழு எடையும் ரிம்மில் விழுந்து ரிம் கோணும். பூட்டுப் போடச் சைக்கிளின் சட்டத்துக்கு (ஃபிரேமுக்கு) அருகே ஒரு கம்பிகூட அதில் இருக்காது. தேவைப்படுவது கவிழ்த்த ‘ப’ வடிவக் குழாய். 40 மி.மீ. அளவு ஜிஐ குழாய், நடுத்தரக் கனம். வெளிவிட்டம் 48 மி.மீ. வரும். தரைக்கு மேல் 75 முதல் 80 செ.மீ. உயரம், நீளம் 70 செ.மீ.க்குக் குறையாமல். ஒன்றுக்கொன்று ஒரு மீட்டர் இடைவெளி. ஒவ்வொன்றிலும் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சைக்கிள். இடைவெளியை 60 செ.மீ.யாகக் குறைத்து எண்ணிக்கை காட்ட ஒப்பந்தக்காரர் ஆசைப்படுவார். இடம் கொடுக்கக் கூடாது. ஹேண்டில்பாரின் அகலமே 60 செ.மீ. என்பதால் ஒன்று விட்டு ஒன்று காலியாகத்தான் கிடக்கும்.

வீட்டுக்காரரிடம் பேரம் பேசவும் இந்தக் கணக்கு உதவும். ஒரு கார் நிற்கும் இடம் 2.5 மீட்டருக்கு 5 மீட்டர். ஐந்து மீட்டர் பக்கத்தில் ஐந்து தாங்கிகள், பத்துச் சைக்கிள்கள், எடுத்து வெளியே வர முக்கால் மீட்டருக்குச் சற்றுக் குறைவான வழி. ஒரு கார் நிறுத்தத்தை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிவிட்டால் பத்துப் பேருக்கு இடம் கிடைத்துவிடும். ‘விசிட்டர் சைக்கிள் உள்ளே வரக் கூடாது’ என்று குடியிருப்போர் சங்கம் பிற்பாடு சொன்னாலும் எழுத்து கையில் இருக்கும். தாங்கியைத் தரையில் புதைப்பதைவிட, அடித்தகடு வைத்து நான்கு 12 மி.மீ. ஆங்கர் போல்ட்டால் கான்கிரீட்டில் இறுக்குவது வாடகை இடத்துக்கு ஏற்றது. காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போகலாம். பேவர் பிளாக் மேல் மட்டும் இறுக்கக் கூடாது. கல்லோடு பிடுங்கிக்கொண்டு வரும்.

அந்தத் தாங்கி யாருக்கு என்பதையும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். வாட்ச்மேன், வீடு கூட்ட வரும் அம்மா, பேப்பர் போடும் பையன், தண்ணீர் கேன் கொண்டுவருபவர் ஆகியோர்தான் இந்த ஊரில் மறுபேச்சில்லாமல் தினமும் சைக்கிள் மிதிப்பவர்கள். நிழலில் இருக்கும் நல்ல தாங்கியில் விலையுயர்ந்த கியர் சைக்கிள்கள் நிற்க, அவர்களுடைய வண்டி மதில் ஓரம் வெயிலில் நிற்கும் நிலை வந்தால், எந்தச் சுவரொட்டியும் அதைச் சரிக்கட்டாது.

சென்னை வெயிலில் குளியலறைதான் சைக்கிள் ஓட்டுவதைத் தீர்மானிக்கிறது. ஆடம்பரம் வேண்டாம்: வாளியும் குழாயும் போதும். ஆனால் ஈரம் படாத உயரத்தில் ஒரு பலகை, நான்கைந்து கொக்கி, ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் கட்டாயம். பெண்களுக்குத் தனியாக ஒன்று வேண்டும், உள்தாழ்ப்பாள் சரியாக விழ வேண்டும். துளையில்லாத இரும்பு லாக்கரில் வியர்த்த சட்டையை வைத்தால் இரண்டே நாளில் பூஞ்சை நாற்றம் வரும். வலைக்கதவு லாக்கரும், மொட்டைமாடியில் ஒரு கொடிக்கயிறும் இருந்தால் நல்லது. வீட்டை அலுவலகமாக எடுப்பதானால் மின் இணைப்பு வீட்டுக் கட்டணத்தில் இருக்கிறதா, வணிகக் கட்டணத்துக்கு மாற்றியிருக்கிறார்களா என்று மின்வாரிய அட்டையைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். பழுதுபார்க்கும் அறையில் காற்றழுத்தக் கருவி வைத்தால் அதற்குத் தனி இணைப்புக் கம்பி வேண்டும். மின்சைக்கிள் மின்கலம் சார்ஜ் ஆகும் இடம் படிக்கட்டுக்கு அடியிலோ வெளியேறும் வழியிலோ இருக்கக் கூடாது. ஆளில்லாத இரவில் சார்ஜ் போட்டுவிட்டுப் போகவும் கூடாது.

காகித வேலை சுருக்கமாக: தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த பிறகு வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருந்து பதிவாக வேண்டும். பதினொரு மாத ஒப்பந்தத்தை நம்பித் தாங்கி, குளியலறை என்று செலவு செய்யக் கூடாது, மூன்றாண்டாவது வேண்டும். சங்கப் பதிவாளர், வருமான வரி, வங்கி மூன்று இடத்திலும் முகவரி மாற வேண்டும். வெளிநாட்டு நன்கொடை பெறும் அமைப்பானால் அதற்கான இணையதளத்தில் எஃப்சி-6ஏ படிவமும், டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கிக் கணக்கில் முகவரி மாற்றமும் சேரும். அச்சடித்து வைத்த 80ஜி (நன்கொடையாளருக்கு வரிச்சலுகை தரும்) ரசீதுப் புத்தகத்தில் பழைய முகவரி இருப்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

சாமான் ஏற்றும் நாளில் எல்லாவற்றையும் சைக்கிளிலேயே கொண்டுபோகலாம் என்ற உற்சாகம் கிளம்பும். அமெரிக்காவின் போர்ட்லண்டில் வீட்டையே சைக்கிளில் மாற்றுவது பல ஆண்டு வழக்கம். இங்கேயும் ஓரளவு செய்யலாம், கணக்கோடு. சாதாரணக் கேரியர் தாங்குவது 25 கிலோ. ஏ4 தாள் வரும் அட்டைப்பெட்டி நிறையக் கோப்பு அடுக்கினால் ஏறக்குறைய 12 கிலோ. ஒரு கேரியரில் ஒன்று, நெருக்கிக் கட்டினால் இரண்டு. மேசை, அலமாரிப் பலகைகளுக்கு மிதித்து ஓட்டும் மீன்பாடி வண்டி. பீரோவும் யுபிஎஸ் மின்கலமும் காற்றழுத்தக் கருவியும் குட்டி யானையில் போகட்டும், மின்கலம் நிமிர்ந்தபடி. முதலில் போக வேண்டியது கைப்பட எழுதிய போக்குவரத்துக் கணக்கெடுப்புத் தாள்கள். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை சந்திப்பில் நின்று எண்ணியவை அவை; தொலைந்தால் அந்த ஆண்டின் அந்தச் சந்திப்பு திரும்பக் கிடைக்காது. அட்டைப்பெட்டியில் உள்ளே என்ன என்று எழுதுவதைவிட, புது இடத்தில் எந்த அலமாரி, எந்தத் தட்டு என்று இரண்டு பக்கத்தில் எழுதினால் இறக்கும்போது கேள்வியே வராது.

பயிற்சிக்கு வைத்திருக்கும் சைக்கிள்களைக் குட்டி யானையில் படுக்கவைத்து அடுக்குவதுதான் அதிகச் சேதம் தருகிறது. மேலே விழும் எடையில் பின் கியர் தொங்கும் கொக்கி உள்பக்கம் வளையும். அடுத்த முறை பெரிய பல்சக்கரத்துக்குக் கியர் மாற்றும்போது டெரெய்லர் (சங்கிலியைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் நகர்த்தும் கருவி) ஆரக்கம்பிக்குள் போய் மாட்டும். நிமிர்த்தி, தலையும் வாலும் மாற்றி மாற்றி, நடுவில் அட்டை வைத்து நிறுத்த வேண்டும். சங்கிலியைப் பின்பக்கத்துப் பெரிய பல்சக்கரத்தில் போட்டால் டெரெய்லர் உள்ளே ஒதுங்கி நிற்கும். 15 மி.மீ. ஸ்பானரால் பெடல்களைக் கழற்ற வேண்டும். இடது பெடலின் மரை எதிர்த்திசை என்பதால், ஸ்பானரை மேல்நோக்கி வைத்துப் பின்சக்கரப் பக்கம் இழுத்தால் இரண்டுமே கழலும். ஹேண்டில்பாரைத் திருப்பிவைத்தால் ஆறேழு வண்டி ஒரு நடையில் போகும். இரும்புக் கம்பி (ராட்) பிரேக் உள்ள பழைய சைக்கிளில் மட்டும் ஹேண்டிலைத் தொடாமல் விடுவது நல்லது, இணைப்புக் கம்பிகள் நெளிந்துவிடும். அவற்றை ஓட்டிக்கொண்டே போய்விடலாம். புறப்படும் முன் வால்வ் டியூபைப் பார்க்க வேண்டும். நாள்பட நின்ற வண்டியில் அந்த மெல்லிய ரப்பர் ஒட்டி வெடித்திருக்கும், காற்றடித்தாலும் நிற்காது. பஞ்சர் என்று நினைத்து டயரைக் கழற்றுவார்கள். ஒரு முழ வால்வ் டியூபும் கத்தரிக்கோலும் இருந்தால் பத்து வண்டியைச் சரிசெய்யலாம்.

அலுவலகம் எந்த நேரத்தில் திறந்திருக்கும் என்பதை வீட்டுக்காரரிடம் முன்பே பேசிவிட வேண்டும். தன்னார்வலர்கள் வேலை முடித்து வருவது மாலை ஏழுக்கு. கூட்டம் முடிய ஒன்பதாகும். ஏழு மணிக்குப் பூட்டும் கட்டடம் இந்த வேலைக்கு உதவாது. வருபவரை வரவேற்கும் வாசலுக்கு அமெரிக்காவில் இரண்டு எடுத்துக்காட்டுகள் உண்டு. சியாட்டிலின் காஸ்கேட் பைசைக்கிள் கிளப் தன் அலுவலகத்தைப் பழைய கடற்படை விமானதளமான மாக்னசன் பூங்காவில் அமைத்தது. பர்க்-கில்மன் சைக்கிள் பாதையிலிருந்து அந்தப் பூங்காவுக்கு மிதித்தே போய்ச் சேரலாம். மொன்டானாவின் மிஸூலாவில் அட்வென்ச்சர் சைக்கிளிங் அசோசியேஷன், நாட்டைக் குறுக்கே மிதித்து வருபவர்களைத் தன் வாசலில் வரவேற்றுப் படமெடுத்துச் சேர்த்து வைத்தது. சைக்கிளில் வருபவர் தயக்கமில்லாமல் உள்ளே வருவதுதான் இரண்டிலும் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது.

நம் தெருவில் அதற்கு எளிய வழி, கேட்டுக்கு வெளியே சங்கிலியில் கட்டிய ஒரு காற்றடிக்கும் பம்ப். நீண்ட குழாய், சாதாரண வால்வுக்கும் கார் வால்வுக்கும் பொருந்தும் தலை. உள்ளே தோல் வாஷர் இருக்கும் ரகமானால் வெயிலில் காய்ந்து சுருங்கி, தண்டு சும்மா மேலும் கீழும் போய்வரும், காற்று ஏறாது. மாதம் ஒருமுறை கழற்றி, சில துளி எண்ணெய் விட்டு வாஷரை விரலால் விரித்துப் போட்டால் மறுபடி பிடிக்கும். இதை யார் பார்ப்பது என்று பெயர் எழுதாவிட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள். குடிவந்து மூன்று மாதம் ஆனதும் காலை பதினொரு மணிக்குத் தாங்கியில் எத்தனை சைக்கிள் நிற்கிறது, எத்தனை மேசையருகே வந்துவிட்டது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். மேசைக்கு வந்தால் காரணம் இருக்கும்: மேற்கு வெயில் இருக்கையைச் சுடும், ஏசி தண்ணீர் சங்கிலியில் சொட்டும், இல்லையென்றால் பூட்டு மேல் நம்பிக்கை இல்லை. அந்தந்தக் காரணத்தைக் கேட்டு, கூரைத் தகடோ வடிகுழாயோ விளக்கோ அந்த வாரமே போட்டுவிடலாம்.