ஹைப்போ வாசனை இல்லாத இருட்டறை

செங்கோட்டையில் எங்கள் பெரியப்பா நடத்திவந்த ஸ்டுடியோவின் இருட்டறை இப்போது தேங்காய் போட்டுவைக்கும் அறையாக இருக்கிறது. கதவின் உட்புறம் ஆணியடித்த கறுப்புத் துணியும், சுவரில், படத்தை நிலைக்கவைக்கும் மருந்தான ஹைப்போ தெறித்து உண்டான பழுப்புக் கறைகளும், சிவப்புப் பல்பு மாட்டியிருந்த ஹோல்டரும் மட்டும் அப்படியே உள்ளன. சென்ற ஆனி மாதச் சாரலின்போது ஊரில் இரண்டு வாரம் தங்கியிருந்த நான், அந்த அறையில் நடந்த வேலையைக் கைப்பேசியைக் கொண்டு திரும்பச் செய்துபார்க்க முடியுமா என்று முயன்றேன்.

தூண்டிவிட்டவள் என் மகள். 2017-இல் தென்கொரியாவிலிருந்து வெளிவந்த குடாக் என்ற செயலியை அவள் முன்பு வைத்திருந்தாள். அதில் ஒரு சுருளுக்கு 24 படங்கள்தான். சுருள் தீர்ந்தால் அடுத்ததற்கு ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும். எடுத்த படங்களைப் பார்ப்பதற்கோ மூன்று நாள் ஆகும். இதைக் கேட்டதும், பாஸ்போர்ட் போட்டோ எடுத்துவிட்டு "வியாழக்கிழமை வாங்க" என்று பெரியப்பா ரசீது கிழித்துக் கொடுத்தது நினைவுக்கு வர, நல்ல யோசனையாக இருக்கிறதே என்றேன். அவள் சிரித்தாள். "மூணு நாள் எதுக்குப்பா காத்திருக்கணும்? செட்டிங்ஸ்ல போய்த் தேதிய மூணு நாள் தள்ளி வெச்சாப் போதும், படம் வந்துரும்."

தேதியைத் தள்ளிவைக்கும் வித்தை இருட்டறையிலும் உண்டு. ஆனால் அங்கே அதற்கு அபராதம் கட்ட வேண்டும். படத்தை எழவைக்கும் மருந்தான டெவலப்பருக்கான அட்டவணைகள் பெரும்பாலும் 20 டிகிரி செல்சியஸை அடிப்படையாக வைத்தே எழுதப்பட்டவை. எங்கள் ஊர்த் தொட்டித் தண்ணீரோ சித்திரை வெயிலில் 30 டிகிரியை எளிதாகத் தொட்டுவிடும். சூடு ஏற ஏற மருந்து வேகமாக வேலை செய்யும் என்பது உண்மைதான் என்றாலும், படத்தில் மணல் தூவியதுபோலப் பொரி விழும், ஃபிலிம் மேலுள்ள ஜெலட்டின் இளகி விரல் பட்ட இடம் தோலுரிவதுபோல் உரிந்துவரும். அதனால் பெரியப்பா மீன் கடையிலிருந்து ஐஸ் வாங்கிவந்து, டெவலப்பர் பாத்திரத்தைச் சுற்றி அகலமான அலுமினியச் சட்டியில் போட்டு, வெப்பமானி இறங்கும்வரை பீடி பிடித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பார். காத்திருப்பு என்பது அவருக்குச் செயலியில் வைத்த விதியல்ல, வேதியியல் விதித்தது.

பழைய ஃபிலிம் சாயலைத் தருவதாகச் சொல்லும் வேறு சில செயலிகளையும் போட்டுப் பார்த்தேன். படத்தின் ஓரத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒளிக்கசிவு, குறுக்கே கீறல், அங்கங்கே வெள்ளைப் புள்ளிகள். எனக்குக் கொஞ்சம் கோபமே வந்தது. நெகடிவின் மீது ஒரு தூசி உட்கார்ந்தால், படத்தைப் பெரிதாக்கித் தாளில் விழவைக்கும் என்லார்ஜரின் வெளிச்சம் அந்த இடத்தில் தாளுக்குப் போகாது. எனவே பிரிண்டில் அது வெள்ளைப் புள்ளியாக விழும். அந்தப் புள்ளிகளை மூன்று சுழி (000) எண்ணுள்ள மிக மெல்லிய தூரிகையால், சுற்றியுள்ள சாம்பல் நிறத்துக்கு இணையாக மையைக் கரைத்து, ஒவ்வொன்றாக மூடுவது ஸ்பாட்டிங் என்னும் தனி வேலை. எங்கள் ஸ்டுடியோவில் அதைச் செய்தவர் பெரியம்மா. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கி, மணப்பெண்ணின் கன்னத்தில் விழுந்த புள்ளியை அவர் மறைப்பதை நான் மணிக்கணக்கில் பார்த்திருக்கிறேன். அவர் மறைத்த குறைகளை இன்று காசுக்கு விற்கிறார்கள்.

சினிமாவில் காட்டுவதுபோல ஃபிலிம் சுருளைச் சிவப்பு விளக்கில் கழுவ முடியாது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பான்குரோமாட்டிக் ஃபிலிமுக்குச் சிவப்பும் தெரியும். அதை முழு இருட்டில் கையால் தடவித்தான் கழுவும் டப்பாவின் சக்கரத்தில் ஏற்ற வேண்டும். சிவப்பு விளக்கு பிரிண்ட் போடும் தாளுக்கானது. அந்த விளக்கின் கீழ்தான் எனக்கு வேலை கிடைத்தது. முதலில் தாளிலிருந்து ஒரு துண்டைக் கிழித்து, அட்டையால் மறைத்து மறைத்து இரண்டு, நான்கு, ஆறு, எட்டு விநாடி என்று வெளிச்சம் காட்டிக் கழுவிப் பார்ப்போம். எங்கள் பக்கத்துக் கல்யாணப் படங்களில் மாப்பிள்ளையின் முகம் கறுப்பு, வேட்டியும் சட்டையும் பளீர் வெள்ளை. ஒரே நேரக் கணக்கு இரண்டுக்கும் ஒத்துவராது. பெரியப்பா கம்பி நுனியில் ஒட்டிய வட்ட அட்டையை வெளிச்சத்தின் குறுக்கே நீட்டி, முகத்துக்கு மட்டும் மூன்று விநாடி நிழல் கொடுப்பார். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் குவித்து நடுவில் ஓட்டை விட்டு, வேட்டியின் மடிப்பு தெரியும்வரை அந்த இடத்துக்கு மட்டும் கூடுதல் வெளிச்சம் ஊற்றுவார். கை அசையாமல் நின்றால் விளிம்பு கோடாக விழுந்துவிடும் என்பதால் லேசாக ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். இந்தக் கைவேலையின் பெயர்கள்தான் இன்றைய செயலிகளில் டாட்ஜ், பர்ன் என்ற இரண்டு பொத்தான்களாகியிருக்கின்றன. பிறகு தாளைத் தட்டில் நழுவவிட்டு, "ஏலே, தட்ட ஆட்டிக்கிட்டே இரு" என்பார். பதினைந்து இருபது விநாடி ஒன்றும் தெரியாது. பிறகு முதலில் தலைமுடி வரும், அடுத்துப் புருவம், கடைசியாகத்தான் கன்னம்.

தட்டில் படம் எழும் அந்த நேரத்துக்கு ஈடாகக் கைப்பேசியில் ஏதாவது இருக்கிறதா என்பதே என் கேள்வியாக இருந்தது. இன்றைய கைப்பேசி கேமரா நாம் பொத்தானை அழுத்தும் முன்பே பல படங்களை எடுத்துவைத்து, அவற்றைக் கலந்து, நிழலைத் தூக்கி, வானத்தை அடக்கி, கழுவி முடித்த ஒன்றைத்தான் கையில் கொடுக்கிறது. அதனால் இப்படிக் கழுவித் திருத்தாத ரா வடிவத்தில் மட்டும் பதிவு செய்யும் செயலியைத் தேர்ந்தெடுத்தேன். மங்கலாகவும் உயிரற்றும் தெரியும் அந்தக் கோப்பு நெகடிவுக்கு ஓரளவு உறவு. ஆக்ஃபா கிளிக் த்ரீ கேமராவில் 120 ஃபிலிமுக்கு 12 படங்கள் வரும் என்பதால் நானும் 12 என்று எண்ணிக்கொண்டேன். பதிமூன்று கண் பாலத்தில் மூன்றைச் செலவழித்துவிட்டு, நான்காவதாகப் பின்கட்டில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்த பெரியம்மாவை எடுத்தேன். ஒன்பதாவது படத்துக்கு முன் கை தயங்கியது. அதுமட்டும் பழையபடியே இருந்தது.

பிறகு தேங்காய்களை ஒதுக்கிவிட்டு அறைக்குள் போனேன். அலமாரியில் ஊட்டி ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸின் ‘இந்து’ தாள் ஒரு பொட்டலம் பிரிக்காமலே இருந்தது. ஆசையாகப் பிரித்தேன்; அத்தனை வருடச் சாரலையும் குடித்திருந்த அது வெளிச்சம் காட்டாமலே டெவலப்பரில் சாம்பலானது. எதற்கும் இருக்கட்டும் என்று முன்கூட்டியே வரவழைத்திருந்த இல்ஃபோர்டு மல்டிகிரேடு தாள் கைகொடுத்தது. என்லார்ஜரின் லென்ஸ் பூஞ்சை பிடித்துப் பால்போல் ஆகிவிட்டதால், கைப்பேசித் திரையையே நெகடிவாகவும் விளக்காகவும் வைத்துக்கொண்டேன்.

இதில் சில நுணுக்கங்கள் உண்டு. படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, நெகடிவாகப் புரட்டி, இடவலமாகவும் திருப்ப வேண்டும்; தாள் திரைமேல் கவிழ்ந்து படுப்பதால் இல்லாவிட்டால் எல்லாம் கண்ணாடியில் தெரிவதுபோல் மாறிவிடும். விரலால் தாளை அழுத்தினால் தொடுதிரை அதை உத்தரவாக எடுத்துக்கொண்டு அடுத்த படத்துக்குத் தாவுகிறது; பெரியப்பாவின் பழைய கண்ணாடித் தகடு ஒன்றை மேலே பாரமாக வைத்தபின் சரியாயிற்று. வெளிச்சத்தை அணைத்து ஏற்றவும் வழி வேண்டுமே? 15 விநாடி கறுப்பு, 2 விநாடி படம், மீண்டும் கறுப்பு என்று ஒரு சிறு வீடியோ செய்துகொண்டேன். ஓஎல்இடி திரையில் கறுப்பு என்றால் அந்தப் புள்ளிகள் அணைந்தே இருக்கும். எல்சிடி திரையில் இது நடக்காது. திரைக் கண்ணாடியின் கனத்தால் படம் சற்றுப் பிசிறத்தான் செய்கிறது. என்லார்ஜரின் கூர்மையை எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள்.

தட்டை ஆட்டினேன். டெவலப்பரின் வேலையை நிறுத்தும் ஸ்டாப் பாத் புளித்த வாடையுடன் தயாராக இருந்தது. ஹைப்போவுக்குப் பதிலாக இப்போது கிடைக்கும் வேகமான, அவ்வளவாக மணக்காத ஃபிக்ஸரைத்தான் வைத்திருந்தேன். ஹைப்போ வெள்ளி உப்பைக் கரைக்கும் என்று ஜான் ஹெர்ஷெல் 1819-இல் கண்டறிந்து, இருபது ஆண்டு கழித்துத்தான் அது ஒளிப்படத்துக்கு வந்தது. அந்த நாளில் எங்கள் ஊரில் வேலை முடிந்த ஹைப்போவை அதில் கரைந்த வெள்ளிக்காக கேனில் வாங்கிப் போக ஆள் வரும். டெவலப்பர் தட்டை ஆட்டியபடி இதையெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தபோது, பெரியம்மாவின் தலைமுடி எழுந்தது. நரைத்த தலை என்பதால் முன்போல முதலில் வரவில்லை. கண்ணும் புடவைக் கரையும்தான் முந்திக்கொண்டன. ஆனால் அவருடைய நெற்றிக்கு மேலே, படத்தில் இல்லாத அகலமான கறுப்புப் பட்டை ஒன்றும் எழுந்தது. அதற்குள் வெள்ளையாக ஏதோ எழுத்துகள்.

ஏரோப்ளேன் மோட் போட மறந்திருந்தேன். கறுப்பு ஓடிக்கொண்டிருந்த விநாடிகளில் திரையின் மேல் வந்து நின்ற வாட்ஸ்அப் செய்தி அப்படியே தாளில் பதிந்திருந்தது. கழுவி முடித்து, வெளியே கொண்டுவந்து, முகம் பார்க்கும் கண்ணாடியில் காட்டிப் படித்தேன். பிரானூர் பார்டருக்குப் போயிருந்த மச்சினன் எழுதியது: "அத்தான் புரோட்டா ஆறுது எங்க இருக்கீங்க".

படத்தைப் பெரியம்மாவிடம் கொடுத்தேன். கையெட்டும் தூரத்தில் பிடித்துச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். "கறுப்ப எடுக்கணும்னா பிளேடு வெச்சுச் சொரண்டணும். இது பிளாஸ்டிக் பூசுன தாளு, சொரண்டுனா பொத்துக்கிடும்" என்றார். பிறகு எழுந்து உள்ளே போய், பழைய பவுடர் டப்பாவிலிருந்து தூரிகையையும் காய்ந்த மைக் கட்டியையும் எடுத்துவந்தார். எச்சில் தொட்டு நுனியைக் கூராக்கிக்கொண்டு, வெள்ளையாகத் தெரிந்த "ஆறுது"வின் சுழியிலிருந்து ஒவ்வொரு எழுத்தாக மூட ஆரம்பித்தார்.