கந்தளாய்க் குளத்தில் விரால் பிடிக்கப் போகிறவர்களுக்கு

திருமலையிலிருந்து, அதாவது திருகோணமலையிலிருந்து, கந்தளாய்க்கு பஸ்ஸில் வந்த காசைவிட, கந்தளாய்ச் சந்தியிலிருந்து குளக்கட்டுக்கு ஆட்டோக்காரர் கேட்ட காசு கூட. தோளில் தூண்டில் கம்பைக் கண்டால் கூலி தானாக ஏறிவிடுகிறது. வெளியூர்க்காரன், பொழுதுபோக்குக்கு வந்தவன், கேட்டதைத் தருவான் என்ற கணக்கு. ஏற முன்னமே விலை பேசுங்கள். திரும்ப வந்து ஏற்றும் நேரத்தையும் அதே பேச்சில் முடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் உச்சி வெயிலில் கட்டின் மேல் நிற்கும்போது இரண்டாவது விலை வரும், அதற்கு மறுபேச்சு இருக்காது. மூன்று பேராகப் போனால் கை கடிக்காது. தனியாகப் போனால் அந்த ஆட்டோக் காசில் நல்ல தவளை லூர் (தவளை வடிவப் போலி இரை) ஒன்று வாங்கலாம்.

பஸ் விசயமும் அப்படித்தான். கொழும்பு, கண்டி, குருநாகல் போகிற பஸ்கள் எல்லாம் கந்தளாயைத் தாண்டித்தான் போகும், ஆகவே பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை. ஆனால் குளிரூட்டிய தூரப் பஸ்களில் ஏறினால் நடுவில் இறங்குபவருக்கும் தூரத்துக் காசைக் கேட்பார்கள். சிவப்பு நிற இ.போ.ச. பஸ்ஸே போதும். கம்பு இரண்டு துண்டாகக் கழலக்கூடியதாக இருக்கட்டும். ஏழு அடிக் குழாயைத் தூக்கிக்கொண்டு ஏறினால் நடத்துநரின் முகத்தைப் பார்க்க முடியாது.

இனி குளத்துக் கதை. விரால் நன்றாக எடுப்பது விடிந்து முதல் ஒன்றரை மணி நேரம். திருமலையிலிருந்து காலையில் புறப்பட்டு வந்தால் அந்த நேரம் போய்விடும். முதல் நாள் பின்னேரமே வந்து கந்தளாயில் ஒரு சாதாரண அறையில் தங்குவதுதான் கட்டுப்படியாகும். நடுச்சாமத்தில் திருமலையிலிருந்து ஆட்டோ பிடித்து வருவது காசுக்கும் கேடு, யானை நடமாடும் ரோட்டில் உயிருக்கும் கேடு.

எந்த மாதம் போகலாம் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் பாஸ் என்ற நன்னீர் மீனைப் பிடிக்கும் அமெரிக்கக் காணொளிகளைப் பார்த்தவர்கள். அங்கே பருவத்தைத் தீர்மானிப்பது தண்ணீரின் சூடு. குளிர்காலம் முடிந்து நீர் 15 முதல் 20 பாகை செல்சியஸ் வரை ஏறும்போது பெருவாய்ப் பாஸ் கரையோரத்துக்கு வரும், ஆண் மீன் தரையில் குழி துடைத்துக் கூடு காக்கும். வெப்பமானியைப் பார்த்து வள்ளம் இறக்குகிறவர்கள் அவர்கள். கந்தளாயில் தண்ணீர் வருசம் முழுக்கச் சூடு, வெப்பமானியால் ஒரு பிரயோசனமும் இல்லை. இங்கே பருவத்தை நடத்துவது துருசு, அதாவது குளத்து மதகு. பெரும்போகம், சிறுபோகம் என்ற இரண்டு நெல் பருவங்களுக்கும் வாய்க்காலில் எப்போது தண்ணீர் விடுகிறார்கள், எவ்வளவு விடுகிறார்கள் என்பதுதான் விரால் எங்கே நிற்கும் என்பதைச் சொல்லும். மின்னேரியாப் பக்கமிருந்து யோத எல வாய்க்கால் வழியாகவும் இந்தக் குளத்துக்கு நீர் வருகிறது. அதனால் ஒரு சொட்டு மழை இல்லாத கிழமையிலும் மட்டம் ஏறலாம். வானத்தைப் பார்த்து நாள் குறிப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

கட்டுக்குப் போனதும் கம்பை விரிக்க முன்னம் கல்லைப் பாருங்கள். நீர்விளிம்புக்கு மேலே நாலு விரல் அகலத்துக்கு ஈரமும் பாசியுமாகக் கறுத்த பட்டை தெரிந்தால் மட்டம் மெல்ல இறங்குகிறது, நல்லது. அந்தப் பட்டை வெயிலில் காய்ந்து வெளுத்து ஒரு முழத்துக்கு மேல் போயிருந்தால் தண்ணீர் வேகமாக விடுகிறார்கள், விரால் கரையை விட்டு உள்ளே போயிருக்கும். கரையோரப் புல் பச்சை மாறாமல் தண்ணீருக்குள் நின்றால் மட்டம் ஏறுகிறது. அதுதான் மோசமான நிலை. புதிதாக மூழ்கிய புல்லுக்குள் புழுவும் தவளையும் நிறையக் கிடைப்பதால் விரால் எல்லாம் அதற்குள் ஏறிவிடும். அங்கே நீங்கள் எறியவும் முடியாது, எறிந்தால் இழுக்கவும் முடியாது.

மாதக் கணக்கு வேண்டுமென்றால் இப்படி. நவம்பர் முதல் ஜனவரி வரை வாடை மழை, கலங்கல் தண்ணீர், மட்டம் ஏற்றம். காசை மிச்சம் பிடியுங்கள். பெப்ரவரி, மார்ச்சில் குளம் நிறைந்து தெளிந்து அழகாக இருக்கும், மீன் பரந்து கிடக்கும். ஏப்ரலில் சிறுபோகத்துக்குத் தண்ணீர் விடத் தொடங்கியதும் ஆட்டம் தொடங்கும். ஜூன் முடிவிலிருந்து செப்டெம்பர் வரை நீர் சுருங்கி, பட்டமரக் கட்டைகள் வெளியே தெரிந்து, தாமரையும் ஆற்றுவாழையும் ஓரமாக ஒதுங்கி நிற்கும்போது விரால் ஒடுங்குகிற இடங்கள் குறைந்துவிடும். அதுதான் காலம். ஆனால் அதே காலத்தில் தென்மேற்குக் கச்சான் காற்று அடிக்கும். காலை ஒன்பது, பத்து மணிக்குப் பிறகு குளக்கட்டில் நின்றால் காற்று நேரே முகத்தில். பத்துப் பன்னிரண்டு கிராம் தவளை எதிர்காற்றில் பாதித் தூரமும் போகாது, ரீலில் நூல் சிக்கி அரைமணி நேரம் போகும். காற்று தொடங்கினால் மறைவான மூலைக்கு மாறுங்கள், அல்லது சாப்பிடப் போங்கள். ஒக்டோபரில் பின்னேர இடி. திறந்த கட்டின் மேல் காபன் கம்பைத் தூக்கிக்கொண்டு நிற்பதைப் போல முட்டாள்தனம் வேறில்லை. முதல் முழக்கம் கேட்டதும் இறங்கிவிட வேண்டும்.

சாமான்களுக்கு வருவோம். கடையில் தவளை லூர் பெட்டிகளில் பாஸ் மீனின் படம்தான் போட்டிருக்கும். பயப்படத் தேவையில்லை, நடு வெறுமையான அந்த மென்தவளைதான் விராலுக்கும் சரி. இரண்டுமே கொடிப்பாசிக்குள் ஒளிந்து நின்று மேலே போவதை அடிக்கிற மீன்கள். ஆனால் பெட்டியில் இருந்தபடியே எறிந்தால் மீன் தப்பும். மலிவான தவளைகளில் இரட்டைக் கொளுக்கி மெல்லியது. விராலின் வாய் எலும்பு, கட்டிப் பிடித்தால் கொளுக்கி நிமிர்ந்துவிடும். குறட்டால் வளைத்துப் பாருங்கள், இலகுவாக வளைந்தால் வாங்க வேண்டாம். பிறகு தவளையை விரலால் அமுக்கிப் பாருங்கள். லேசாக அமுக்கியதும் இரண்டு முனையும் வெளியே வரவேண்டும். வராவிட்டால் முனைகளை உடம்பிலிருந்து ஒரு நெல்லளவு மேலே வரும்படி குறட்டால் மெல்ல விரியுங்கள். பின்னால் தொங்கும் றப்பர்க் கால்கள் நீளமாக இருந்தால் பாதியாக வெட்டுங்கள். சின்ன விரால் அந்தக் காலைத்தான் கடித்து இழுக்கும், கொளுக்கிக்கு வராது. நாலைந்து எறிக்கு ஒருமுறை தவளைக்குள் போன நீரைப் பிழிந்துவிடுங்கள். நீர் நிறைந்தால் பின்பக்கம் தாழ்ந்து பாசியை வாரிக்கொண்டு வரும்.

கம்பு ஆறரை முதல் ஏழு அடி, விறைப்பானது. நூல் 40 இறாத்தல் பிரெய்ட், அதாவது பின்னல் நூல். இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். தங்கூசி நூல் இழுபடும், 25 மீற்றர் தூரத்தில் நீங்கள் சுண்டும் சுண்டு கொளுக்கிக்குப் போய்ச் சேராது. ரீல் விலை கூடியதாக இருக்கவேண்டிய அவசியமில்லை. 3000 அல்லது 4000 அளவு சாதாரண ஸ்பின்னிங் ரீல் போதும். மீன் இழுக்கும்போது நூலை விடுகிற டிராக்கை நன்றாக இறுக்கிவிடுங்கள், பாசிக்குள் விராலை ஓடவிட்டால் கதை முடிந்தது. முடிச்சு பலோமார். இறுக்க முன்னம் எச்சிலால் நனையுங்கள்.

எறிவது கடினமில்லை, பொறுப்பதுதான் கடினம். விரால் காற்றை விழுங்க மேலே வரும் மீன். அமைதியான காலையில் தாமரை இலைகளுக்கிடையே “ப்ளக்” என்று ஒரு சின்னச் சத்தமும் வட்ட அலையும் வரும். அந்த வட்டத்தின் மேல் எறியாதீர்கள், பயந்து ஓடிவிடும். இரண்டு மீற்றர் அப்பால் எறிந்து, இலை மேல் ஏற்றி, இழுத்து நிறுத்தி, இழுத்து நிறுத்திக் கொண்டுவாருங்கள். இலை இடைவெளியில் இரண்டு வினாடி விடுங்கள். அடி விழுந்து தண்ணீர் வெடித்ததும் கை தானாகச் சுண்டும், அதை அடக்குங்கள். நூல் நகர்கிறதா, பாரம் தெரிகிறதா என்று பார்த்து, மனதுக்குள் ஒன்று இரண்டு எண்ணி, அதன் பிறகு முழுப் பலத்தோடு சுண்டவேண்டும். தவறவிட்ட மீன்களில் பெரும்பங்கு அவசரத்தால் போனவைதான். அடித்துத் தவறினால் அதே இடத்துக்கு உடனே திருப்பி எறியுங்கள். விரால் கோபக்கார மீன், அநேகமாக மறுபடி அடிக்கும்.

பாஸ் மீனைப் பிடிக்கிறவர்கள் கீழுதட்டைப் பெருவிரலால் பிடித்துத் தூக்கிப் படமெடுப்பார்கள். அதன் பல் அரத்தாள் மாதிரித்தான் இருக்கும். விராலிடம் அதைச் செய்தால் விரலில் தையல் போடவேண்டி வரும். ஈரத் துணியால் தலைக்குப் பின்னே பிடித்து, நீண்ட மூக்குக் குறட்டால் கொளுக்கியைக் கழற்றுங்கள்.

ஒரு வேண்டுகோள். நீர்மேல் செம்மஞ்சள் நிறத்தில் குஞ்சுக் கூட்டம் புரண்டு புரண்டு எழும்பும்போது அதன் கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கும். எதை எறிந்தாலும் அடிக்கும், குழந்தைப்பிள்ளைகூட அதைப் பிடித்துவிடும். அது திறமையில்லை. பெரியதை எடுத்தால் அந்தக் கூட்டத்தில் ஒன்றும் மிஞ்சாது, சுற்றியிருக்கிற மீன்கள் தின்றுவிடும். பார்த்துவிட்டு நகருங்கள்.

விரால் அடிக்காத நாளில் செப்பலி, அதாவது திலாப்பியா, இருக்கிறது. 1952இல் இலங்கைக்குக் கொண்டுவந்த மீன், இன்று உள்நாட்டுக் குளத்து மீன்பிடியைத் தாங்கி நிற்பது அதுவும் அதன் இனமும்தான். சின்னக் கொளுக்கி, சின்ன மிதப்பு, பாணின் உள்பகுதியைப் பிசைந்த உருண்டை அல்லது மண்புழு. மூங்கில் கம்போடு நிற்கும் பொடியன்களுக்குப் பக்கத்தில் நின்று ஆழத்தைப் பார்த்துக்கொண்டால் போதும். உங்கள் விலையுயர்ந்த ரீல் அவர்களிடம் தோற்கும்.

தண்ணீருக்குள் இறங்கி நிற்பதை மறந்துவிடுங்கள். குளங்களில் முதலை உண்டு. துருசு வாய்க்குப் பக்கத்திலும் மிகுநீர் வெளியேறும் வான் கதவுப் பக்கத்திலும் எறியக் கூடாது. இழுவையில் விழுந்தால் எழும்ப முடியாது, காவலாளி விரட்டுவதும் நியாயம்தான். 1986 ஏப்ரல் 20 விடியற்புறம் இந்தக் கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்த ஊர் இது. கட்டில் கல்லைப் புரட்டி உட்கார்ந்து அடுப்பு மூட்டுகிற வேலையெல்லாம் வேண்டாம். நீர் குறைந்த மாதங்களில் பின்னேரம் யானைகள் கரைக்கு இறங்கும், நாலரைக்குச் சாமானைக் கட்டிவிடுங்கள்.

தோணி வேண்டுமென்றால் நன்னீர் மீனவர் சங்கத்தாரிடம் கதையுங்கள். கட்டில் வந்து காதோடு கதைக்கிற தரகரிடம் வேண்டாம், அதே தோணியை அவர் கூடின விலைக்குத் தருவார். ஓரத்தில் சிறகு வைத்த பைபர் தோணி, இரண்டு பேருக்கு மேல் ஏறினால் எறிய இடமிருக்காது. மிதவை அங்கியை நீங்களே கொண்டுபோங்கள். விடியற்புறத்தில் வலை தூக்குகிறவர்கள் வேலையில் இருப்பார்கள். மிதப்பு வரிசையைக் கண்டால் அதற்குக் குறுக்கே எறியாதீர்கள். தவளைக் கொளுக்கி வலையில் மாட்டினால் கிழிவது அவர்களுடைய பிழைப்பு. என் கணக்கில், முதல் தடவை போகிறவருக்குத் தோணி வீண் செலவு. ஜூலை, ஓகஸ்டில் கரையிலேயே வேண்டியளவு இடம் உண்டு.

பாஸ்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் குளத்தை விட்டுக் கொட்டியாரக் குடாப் பக்கம் போகட்டும். மகாவலி கடலில் சேரும் மூதூர்ப் பக்கத்துக் கழிமுகங்களில் கொடுவா உண்டு. அது கடல் பாஸ் என்று உலகம் முழுக்க விற்கிற மீன்தான். அதற்கு நூலும் லூரும் வற்றுப்பெருக்குக் கணக்கும் வேறு, இன்னொரு கட்டுரைக்குரிய விசயம்.

சாப்பாடு. பிடித்த விராலை அறைக்காரரிடம் கொடுத்தால் பல இடங்களில் சமைத்துத் தருவார்கள். வழுவழுப்புப் போக அடுப்புச் சாம்பல் போட்டு உரசி, செதில் சுரண்டி, திரும்பவும் உப்பும் புளியும் போட்டு உரசிக் கழுவவேண்டும். இந்த இரண்டாவது உரசலை விட்டால்தான் சேற்று வாடை குழம்பில் நிற்கும், மீனில் குறையில்லை. வெந்தயமும் பச்சை மிளகாயும் தாளித்து, புளி கரைத்து, துண்டுகளைப் போட்டு, கடைசியில் முதல் தேங்காய்ப்பால் விட்டு ஒரு கொதியில் இறக்கினால் அந்தக் குழம்புக்குப் பக்கத்தில் திருமலைக் கடல் மீனெல்லாம் நிற்காது. சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம். தலையைத் தனியாகச் சொதி வைக்கச் சொல்லுங்கள். சந்தியிலே கடைச் சோறு சாப்பிட்டால் முதலில் விலை கேளுங்கள். மீன் துண்டுக்குத் தனிக் கணக்கு என்பதைச் சாப்பிட்டு முடிந்த பிறகுதான் சொல்வார்கள்.

திரும்பும் வழியில் தம்பலகாமத்துக்கு எருமைத் தயிர் வாங்க இறங்கலாம். ஆனால் முட்டியையும் கம்பையும் மீன் பையையும் ஒன்றாகத் தூக்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் இருக்கை கிடைக்கும் என்று நம்பவேண்டாம். மீனைக் குடல் எடுத்து, ஐஸ் போட்டு, இரண்டு பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி, பழைய சாக்குக்குள் வையுங்கள். ஒரு பை மட்டும் போட்டால் சீனக்குடா வருவதற்குள் தண்ணீர் ஒழுகி, பக்கத்தில் இருப்பவரின் செருப்பை நனைத்து, பஸ் முழுக்க உங்களைத்தான் பார்க்கும்.